துள்ளல் பயிற்சி: அண்டர் 14, அண்டர் 16 பையன்களுக்கு எவ்வளவு, எந்தத் தரையில்?

எழுதியவர்: வியாசை ஸ்டாப்பர்

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பதினொன்று முதல் பதினாறு வயது வரையுள்ள பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் குழுவில் நானும் ஒருவன். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஆடுவதில் எங்கள் பையன்களைக் குறை சொல்ல முடியாது. சந்திலும் மைதானத்தின் ஒரு மூலையிலும் நெருக்கியடித்து ஆடி வளர்ந்தவர்கள் என்பதால் இரண்டு பேர் சூழ்ந்தாலும் பந்தை எளிதில் விடமாட்டார்கள். ஆனால் கார்னர் கிக் என்று வந்துவிட்டால், எதிரணியில் யாராவது ஒருவன் எங்கள் தலைக்கு மேலே எகிறி இடித்துவிட்டுப் போகிறான். அவன் எப்போதும் உயரமானவனாக இருப்பதும் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிளையோமெட்ரிக் எனப்படும் துள்ளல் பயிற்சி பற்றிப் பையன்கள் யூடியூபில் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே தொடங்கியும் விட்டார்கள். காலரிப் படியின் மேலிருந்து குதிக்கிறார்கள். ஒருவன் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தாவுகிறான். தடுப்பதா, ஒழுங்குபடுத்துவதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எந்த வயதில் தொடங்கலாம், வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தாவல், எங்கள் கட்டாந்தரையில் செய்யலாமா என்ற நான்கு கேள்விகளுக்கும் அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

எழுதியவர்: கல்மண்டபம் பழைய லெஃப்ட் அவுட்

தம்பி, எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. மைதானத்தைச் சுற்றித் தவளைப் பாய்ச்சல், அதன் பிறகு ஒருவனை முதுகில் சுமந்துகொண்டு ஓட்டம், அதன் பிறகுதான் பந்தையே கண்ணில் காட்டுவார்கள். கால் மரத்துப்போகும், ஆனால் பெரம்பூர் பக்கத்து ரயில்வே அணிகளோடு மோதும்போது எவனும் எங்களை இடித்துத் தள்ளிவிட முடியாது. இப்போதைய பையன்களிடம் இரண்டு சுற்றுத் தவளைப் பாய்ச்சல் வாங்குங்கள். எகிறுகிறார்களா இல்லையா என்று பார்ப்போம்.

எழுதியவர்: ராயபுரம் இயன்முறை

ஐயா சொல்லும் தவளைப் பாய்ச்சலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பிளையோமெட்ரிக் என்றால் என்ன என்பதை அதை எதிரில் வைத்துக் காட்டுவதுதான் சுலபம். நான் இயன்முறை மருத்துவம் படித்தவள். பள்ளி அணிகளில் ஆடும் பிள்ளைகள் முழங்கால் வலி, குதிகால் வலி என்று வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு தசை முதலில் இழுபட்டு, இழுபட்ட மறுகணமே சுருங்கினால், நின்ற நிலையிலிருந்து சுருங்குவதைக் காட்டிலும் அதிக விசையைத் தரும். குதித்து இறங்கும்போது கெண்டைக்கால் தசையும் தொடையின் முன்பக்கத் தசையும் இழுபடுகின்றன. அவற்றை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள், முக்கியமாகக் குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாண், அந்த இழுவிசையைச் சற்று நேரம் தேக்கி வைக்கின்றன. உடனே எழும்பினால் அந்தத் தேக்கம் தாவலுக்கு உதவும். தாமதித்தால் வெப்பமாகக் கரைந்துபோகும். ஆகவே இந்தப் பயிற்சியில் எவ்வளவு உயரம் தாவினோம் என்பதற்கு நிகராக, தரையில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதையும் கவனிக்க வேண்டும். கால் தரையில் படும் நேரம் கால் நொடிக்குள் (0.25 நொடி) இருந்தால் அதை வேகமான வகை என்றும், அதற்கு மேல் போனால் மெதுவான வகை என்றும் பிரிப்பார்கள். முழுவேக ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடிதான் தரையில் இருக்கிறது.

தவளைப் பாய்ச்சலில் நடப்பது வேறு. முழுக்கக் குந்தி, அங்கே தங்கி, மூச்சு வாங்கி, பிறகு எழும்புகிறோம். தேங்கியதெல்லாம் போன பிறகு எழும்புவது காற்றுப் போன பந்தைத் தரையில் அடிப்பது போலத்தான். மைதானத்தைச் சுற்றி வரும்போது பத்தாவது தாவலுக்குள் களைப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் தாங்குதிறனுக்கான பயிற்சியாகுமே தவிர, எகிறும் திறனுக்கானது ஆகாது. போதாக்குறைக்கு, முழுக்க மடங்கிய முழங்காலோடு மீண்டும் மீண்டும் தாவுவது வளரும் பிள்ளைகளின் முழங்கால் சிப்பிக்குக் கீழே தேவையில்லாத இழுவையைத் தருகிறது. ஐயா காலத்து அணிகள் உரமாக இருந்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த உரத்தில் சுமந்துகொண்டு ஓடியதற்கும் பங்கு இருந்திருக்கும்.

படியிலிருந்து குதிப்பதைப் பற்றி. உயரத்திலிருந்து இறங்கி, இறங்கிய கணமே எழும்பும் முறையை 1960-களில் சோவியத் ஒன்றியத்தில் யூரி வெர்கோஷான்ஸ்கி உருவாக்கினார். ஏற்கெனவே பல ஆண்டுகள் எடைப்பயிற்சி செய்து தேறிய தடகள வீரர்களுக்காக வகுத்த முறை அது. அவரே அதை உச்சகட்டப் பயிற்சியாகத்தான் வைத்தார். 30 செ.மீ. உயரத்திலிருந்து இறங்குபவர் நொடிக்கு ஏறக்குறைய 2.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார், 60 செ.மீ. என்றால் 3.4 மீட்டர். கால்கள் உள்வாங்க வேண்டிய ஆற்றலோ உயரத்துக்கு ஏற்ப இரண்டு மடங்காகிறது. காலரிப் படிகள் இரண்டைச் சேர்த்தால் அந்த உயரம் வந்துவிடும், அதுவும் சிமெண்ட் தரையில். ஆகவே முதல் வேலையாகப் படிக் குதிப்பை நிறுத்துங்கள்.

ஆனால் பயிற்சியை நிறுத்த வேண்டாம். பிள்ளைகள் நொண்டியும் கயிறாட்டமும் ஆடும்போது செய்வதெல்லாம் இதே வகைதான். ‘குழந்தைகள் தாவிப் பயிற்சி செய்தால் வளர்ச்சி நின்றுவிடும்’ என்று பல வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. மேற்பார்வையோடு அளவாகச் செய்தால் ஏழெட்டு வயதிலேயே எளிய தாவல்களைத் தொடங்கலாம். அளவு என்பதுதான் சிக்கல், அதற்கு வருகிறேன்.

தரையில் இறங்கும் ஒவ்வொரு முறையையும் ஒன்று என்று எண்ணுங்கள். பெரியவர்களில் புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 இறக்கங்கள் என்பது பயிற்சி நூல்களில் வழக்கமாகக் காணும் அளவு. அண்டர் 14 பையன்களுக்கு நான் 50-இல் தொடங்குவேன். வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டுக்கும் இடையே குறைந்தது 48 மணி நேரம். இதைவிட முக்கியமானது, அந்தப் பையன் அதே நாளில் வேறு எங்கெல்லாம் குதித்தான் என்பது. காலையில் பள்ளியில் கோகோ, மாலையில் உங்களிடம் ஆட்டம், இரவு யாரோ வாடகைக்கு எடுத்த செயற்கைப் புல் டர்ஃபில் ஐவர் ஆட்டம் என்று ஓடும் பையன்கள் நம் பகுதியில் ஏராளம். அவர்களுக்கு இதைக் கூடுதலாகச் சுமத்தாமல், இருக்கும் பயிற்சியில் எதையாவது எடுத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் கடைசியில் ஓடும் சுற்றுகளை எடுத்துவிடலாம்.

எழுதியவர்: கொடுங்கையூர் விங்கர்

வணக்கம் மேடம். எனக்குப் பதினைந்து வயது. ஒரு மீட்டர் உயரப் பெட்டியின் மேல் தாவும் வீடியோக்களைப் பார்த்துப் பழகி வருகிறேன். இப்போது தொடை உயரத்துக்குத் தாவ முடிகிறது. இது தவறா? எங்கள் தெரு ஜிம்மில் உள்ள அண்ணன், உடல் எடையைப் போல் ஒன்றரை மடங்கு எடையைச் சுமந்து குந்தி எழுந்தால்தான் தாவல் பயிற்சிக்கே தகுதி என்கிறார்.

எழுதியவர்: ராயபுரம் இயன்முறை

தம்பி, பெட்டியின் மேல் நீங்கள் ஏறியதில் பாதி, முழங்காலை மார்புவரை மடக்கியதால் வந்தது. இடுப்பு எவ்வளவு மேலே போனது என்பதுதான் தாவல். பெட்டியின் உயரம் அதைச் சொல்லாது. முழங்கால் உயரத்துக்கும் தாழ்ந்த பெட்டியே போதும், இறங்கும்போது குதிக்காமல் படி இறங்குவது போல இறங்குங்கள். தவறினால் பெட்டியின் விளிம்பு கணைக்கால் எலும்பைச் சீவிவிடும். அந்தத் தழும்போடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜிம் அண்ணன் சொல்லும் ஒன்றரை மடங்குக் கணக்கு, உயரத்திலிருந்து இறங்கி எழும்பும் கடும் பயிற்சிகளுக்காக ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. கயிறாட்டத்துக்கும் சின்னத் தாவல்களுக்கும் அது பொருந்தாது. ஆனால் வெறும் உடம்போடு ஒற்றைக்காலில் மெதுவாகக் குந்தி, முழங்கால் உள்பக்கம் சாயாமல் எழ முடிகிறதா என்று கண்ணாடி முன் பாருங்கள். அது முடியாதவரை ஒற்றைக்கால் தாவல்களுக்குப் போக வேண்டாம்.

எழுதியவர்: எருக்கஞ்சேரி அம்மா

நான் விளையாட்டு தெரிந்தவள் இல்லை. என் மகனுக்காக இந்த இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். அவனுக்குப் பதின்மூன்று முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. இந்த ஆண்டில் பள்ளிச் சீருடைப் பேண்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, அவ்வளவு வேகமாக உயர்கிறான். முழங்கால் சிப்பிக்குச் சற்றுக் கீழே, எலும்பு தொடங்கும் இடத்தில், இரண்டு கால்களிலும் சிறு புடைப்பு இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறான், மண்டியிட்டால் துடிக்கிறான். அவனுடைய பயிற்சியாளர் ஓடி ஓடியே சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார். தாவல் பயிற்சியும் அங்கே நடக்கிறது. அனுப்பலாமா, நிறுத்திவிடலாமா?

எழுதியவர்: ராயபுரம் இயன்முறை

அம்மா, நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஆஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும் தொல்லைக்கு அப்படியே பொருந்துகிறது. 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்ததால் இந்தப் பெயர். தொடையின் முன்பக்கத் தசை முழங்கால் சிப்பி வழியாக வந்து, கணைக்கால் எலும்பின் மேல்முனையில் ஒரு மேட்டில் பற்றியிருக்கிறது. வளரும் வயதில் அந்த மேடு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எலும்பு வேகமாக நீளும்போது தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. ஒவ்வொரு தாவலிலும் ஒவ்வொரு உதையிலும் அந்த மேடு இழுபட்டு, வலித்து, புடைக்கிறது. இதே காரணத்தால் இன்னும் சற்று இளைய பிள்ளைகளுக்குக் குதிகாலின் பின்புறம் வலிக்கும்.

இது பயப்பட வேண்டிய நோய் இல்லை. வளர்ச்சி முடிந்து குருத்தெலும்பு இறுகியதும் பெரும்பாலும் வலி நின்றுவிடும், புடைப்பு மட்டும் சிலருக்குத் தங்கிவிடலாம். ஆனால் ஓடி ஓடிச் சரியாகாது. தாவல், முழுக் குந்தல், மண்டியிடல் ஆகிய மூன்றையும் இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். வலியில்லாத அளவுக்குப் பந்தைத் தட்டி ஆடுவதைத் தடுக்க வேண்டாம். முழுக்க வீட்டில் உட்காரவைத்தால் தசை இளைத்துப்போய், திரும்பி வரும்போது தொல்லை அதிகமாகும். ஆடிய பிறகு துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். நொண்டி நடந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தாலோ, முழங்கால் முழுதும் வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவையில்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வியாசை ஸ்டாப்பர் சார், இந்தத் தாயின் கேள்வியிலேயே உங்களுக்கும் பதில் இருக்கிறது. அண்டர் 14 என்பது பிறந்த தேதியின் கணக்கு. உடம்பின் கணக்கு அதுவல்ல. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டியும், பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டியும் வருகிறது. ஆனால் ஒருவருக்கொருவர் இரண்டு ஆண்டு முன்பின் இருக்கும். உங்கள் அணியில் மீசை அரும்பியவனும் குரல் உடையாதவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள். சுவரில் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலணி இல்லாமல் உயரத்தை அளந்து குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறியவனுக்கு அந்தக் காலத்தில் தாவல் எண்ணிக்கையைப் பாதியாக்கி, இறங்கும் முறையையும் சமநிலையையும் கற்றுக்கொடுங்கள். இந்த வேக வளர்ச்சிக் காலத்தில் துள்ளல் பயிற்சியால் கிடைக்கும் பலன், அதற்கு முன்னும் பின்னும் கிடைப்பதைவிடக் குறைவு என்றே பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் காட்டியது. பலன் குறைவாகவும் வலி அதிகமாகவும் உள்ள காலத்தில் விரட்டுவானேன்?

எழுதியவர்: தண்டையார்பேட்டை கீப்பர்

தரையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. நாங்கள் கோல்கீப்பர்கள் பயிற்சிக்கு மணலுக்குத்தான் போவோம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையில் பெரும்பாலும் கல் கொட்டியிருந்தாலும், தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் நல்ல மணல் சேர்ந்திருக்கிறது. மணலில் விழுந்தால் அடிபடாது, அடுத்த நாள் கால் வலியும் குறைவு. பையன்களை வாரம் ஒருமுறை அங்கே அழைத்துப் போனால் என்ன?

எழுதியவர்: ராயபுரம் இயன்முறை

நல்ல யோசனை, ஒரு திருத்தத்தோடு. இத்தாலியில் கால்பந்து வீரர்களை வைத்து மணலிலும் புல்லிலும் இதே பயிற்சியைச் செய்து பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. மணலில் செய்தவர்களுக்குத் தசைவலி குறைவாக இருந்தது. ஆனால் சட்டென்று குனிந்து எழும்பும் தாவலில் புல்லில் செய்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். காலடியில் மணல் சரிவதால் தரையில் இருக்கும் நேரம் நீண்டுவிடுகிறது, மேலே சொன்ன தேக்கமும் கரைகிறது. ஆகவே தொடக்க வாரங்களுக்கும், காயத்திலிருந்து திரும்புபவர்களுக்கும் மணல். பிறகு புல்லோ பதமான மண்ணோ உள்ள இடம். ஈரம் வற்றாத கரையோர மணல் இரண்டுக்கும் நடுவே நிற்கும். வெறுங்காலோடு ஓட விடும் முன், கண்ணாடிச் சில்லும் தூண்டில் முள்ளும் கிடக்கிறதா என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

சிமெண்ட், தார்ச்சாலை, மொட்டை மாடி, குடியிருப்பு வாரியக் கட்டடத் தாழ்வாரம் ஆகிய எதிலும் தாவல் வேண்டாம். இரும்புக் கட்டையாய் இறுகிய மைதானமாக இருந்தால், கோல்முனையில் மண் மிதிபட்டுத் தூளாகியிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டட் ஷூவைக் கழற்றிவிட்டுத் தட்டையான கன்வாஸ் ஷூவில் செய்வதே மேல்.

எழுதியவர்: மூலக்கடை பெண்கள் அணி

எங்கள் பெண் பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார், எல்லோரும் ஏ.சி.எல். என்று சொல்கிறார்களே அது, கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் கிழிகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலே, தாவி இறங்கும்போதோ திரும்பும்போதோ கிழிகிறது என்பதால் இறங்கக் கற்றுக்கொடுப்பதை நாங்கள் ஒரு சடங்காகவே வைத்திருக்கிறோம்.

செய்முறையை எழுதுகிறேன். இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருத்தி தாவி இறங்கி, அப்படியே மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். எதிரில் நிற்பவள் முழங்கால்களை மட்டும் பார்ப்பாள். முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக நின்றால் சரி. இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று முத்தமிடப் போனால் அந்தத் தாவல் கணக்கில் சேராது. காதையும் பயன்படுத்துகிறோம். ‘தொப்’ என்று சத்தம் கேட்டால் குதிகாலில் விழுந்திருக்கிறாள் என்று பொருள்; முன்பாதம் தொட்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி இறங்குபவளின் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. பையன்களைவிட எங்கள் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் ஒருத்தியின் தவறை இன்னொருத்தி சுட்டிக்காட்டுவதில் அவர்களுக்கு அலாதி மகிழ்ச்சி.

காயங்களைத் தடுக்க வகுத்த ஃபிஃபாவின் லெவன் பிளஸ் வார்ம்-அப்பை முழுமையாகச் செய்கிறோம். இருபது நிமிடம்தான் ஆகிறது, நடுப்பகுதியில் தாவல்களும் இருக்கின்றன. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் அதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டபோது, மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பணம் செலவில்லை, பெட்டி தேவையில்லை.

எழுதியவர்: அம்பத்தூர் ஷிப்ட்காரன்

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்று எழுதுகிறேன். வேலை மெஷின் ஷாப்பில் என்பதால் அளவு இல்லாத பேச்சு எனக்கு ஒத்துவராது. சுண்ணாம்புத் தூளை விரலில் தொட்டுக்கொண்டு, நின்றபடி எட்டும் உயரத்தைச் சுவரில் ஒரு கோடாகவும், தாவி எட்டும் உயரத்தை இன்னொரு கோடாகவும் வைத்து இடைவெளியை அளப்பது பழைய முறை. இதுவே போதும், ஆனால் தோளை எக்கி ஏமாற்றுவார்கள்.

இன்னொரு முறை செல்போன். மெதுவியக்கப் பதிவில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் போன் ஒன்று குழுவில் யாரிடமாவது இருக்கும். போனைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்து, கால் தரையை விட்ட படத்திலிருந்து மீண்டும் தொட்ட படம் வரை எண்ணுங்கள். 120 படங்கள் என்றால் அரை நொடி காற்றில் இருந்திருக்கிறான். அந்த நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் மீட்டரில் தாவிய உயரம் வரும். அரை நொடிக்கு 30.7 செ.மீ. அதுவே 108 படங்கள் என்றால் 24.8 செ.மீ.தான். எண்ணுவதில் ஒரு படம் பிசகினால் அரை செ.மீ. மாறும், பரவாயில்லை. சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படங்கள்தான் என்பதால் ஒரு படம் பிசகினாலே நான்கு செ.மீ. மாறிவிடும், அதில் அளக்காதீர்கள். இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் பொய்யாகக் கூடும், ஆகவே காலை நீட்டியபடி தொட்டு, தொட்ட பிறகே மடக்கச் சொல்லுங்கள்.

எழுதியவர்: கல்மண்டபம் பழைய லெஃப்ட் அவுட்

எல்லாம் படித்தேன், நன்றாக விளக்கினீர்கள் அம்மா. தவளைப் பாய்ச்சலை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அது மனதை உரமாக்கும். ஆனால் ஒரு கேள்வி: முப்பது செ.மீ. எகிறும் பையன் முப்பத்தைந்து எகிறினான் என்றே வைத்துக்கொள்வோம். பந்து வந்து போன பிறகு எகிறினால் அந்த ஐந்து செ.மீ.யை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தலையால் அடிப்பது கணிப்பு. பந்து உதைத்தவன் காலை விட்ட உடனே எங்கே இறங்கும் என்று தெரிய வேண்டும், அந்த இடத்துக்கு இரண்டு அடி பின்னால் நிற்க வேண்டும், ஓடிவந்து ஒற்றைக்காலில் எழும்ப வேண்டும். வியாசர்பாடித் தம்பியின் பையன்கள் பந்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு இரண்டு காலாலும் எகிறுகிறார்கள் என்று பந்தயமே கட்டுவேன்.

எழுதியவர்: வியாசை ஸ்டாப்பர்

ஐயா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நேற்று உட்கார்ந்து கவனித்தேன். பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள், கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு.

எழுதியவர்: ராயபுரம் இயன்முறை

ஐயாவின் கருத்தோடு முழுக்க உடன்படுகிறேன். கையை வீசுவது மட்டுமே தாவலைச் சுமார் பத்து சதவீதமாவது கூட்டும். எட்டு வாரப் பயிற்சியில் கிடைப்பதற்குக் குறையாத பலன் ஒரே மாலையில் கிடைத்துவிடும். சிலி நாட்டில் இளம் கால்பந்து வீரர்களிடம் ராமிரெஸ்-கம்பில்லோ குழுவினர் செய்த ஆய்வுகளிலும், இரண்டு கால், ஒற்றைக்கால், மேல்நோக்கி, முன்னோக்கி என்று கலந்து செய்தவர்களே அதிகம் முன்னேறினார்கள். ஆகவே கடைசி வாரங்களில் ஓடிவந்து ஒற்றைக்காலில் எழும்புவதைச் சேர்க்கலாம்.

சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கணிப்பைப் பழக்கும்போது தலையால் அடிக்க வேண்டாம்; உச்சியில் வைத்துப் பந்தைக் கையால் பிடிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் தலையால் அடிப்பதை 2015-இலேயே விலக்கினார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் 2020-இல் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று வழிகாட்டியது. நம் பகுதிப் போட்டிகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

எழுதியவர்: வியாசை ஸ்டாப்பர்

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், திருத்துங்கள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள். கயிறாட்டம், இரண்டு கால் தாவல், பக்கவாட்டுத் தாவல், ஒற்றைக்கால் நொண்டி. ஒவ்வொன்றும் பத்து வீதம் மூன்று செட். பயிற்சி முடிந்ததும் கடைசியில். ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்.

எழுதியவர்: ராயபுரம் இயன்முறை

அது 120 ஆகிறது சார், வாரத்துக்கு 360. கயிறாட்டத்தை வார்ம்-அப்பில் வைத்து, ஒரு நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். முதல் இரண்டு வாரம் இறங்கி நிற்பது மட்டும்: மூலக்கடைக்காரர் எழுதியது போல, ஆறு வீதம் நான்கு செட். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு கால் தாவல் ஆறு வீதம் மூன்று செட், பக்கவாட்டுத் தாவல் ஆறு வீதம் மூன்று செட், முன்னோக்கிய நீளத் தாவல் நான்கு வீதம் மூன்று செட், மொத்தம் 48. ஐந்தாவது வாரத்துக்கு மேல் ஒற்றைக்கால், ஆனால் வேறு ஒன்றைக் குறைத்துவிட்டு. செட்டுக்கு இடையே ஒரு நிமிடம் ஓய்வு போதும். கடைசியில் வைக்காதீர்கள், வார்ம்-அப் முடிந்து கால் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது செய்தால்தான் தரையில் இருக்கும் நேரம் குறையும். ஒரு பையனின் இறங்கும் சத்தம் திடீரென்று பெரிதானால் அவனுக்கு அன்றைக்கு அவ்வளவுதான், எண்ணிக்கை மீதமிருந்தாலும். நாட்கள் செவ்வாயும் வியாழனும். ஞாயிறு ஆட்டத்தின் களைப்பு செவ்வாய்க்குள் தீரும். வியாழனுக்குப் பிறகு அடுத்த ஆட்டத்துக்கு முழுதாக இரண்டு நாள் கிடைக்கும்.

எழுதியவர்: வியாசை ஸ்டாப்பர்

அப்படியே செய்கிறோம் மேடம். கடைசியாக ஒன்று: அக்டோபர் வந்தால் எங்கள் மைதானம் குளமாகிவிடும். விட்டுப்போகும் நாட்களை எப்படி ஈடுசெய்வது?

எழுதியவர்: ராயபுரம் இயன்முறை

ஈடுசெய்ய வேண்டாம். போன செவ்வாய் விட்டுப்போனதற்காக இந்த வியாழன் இரண்டு மடங்கு செய்தால்தான் காயம் வரும். ஈரச் சேற்றில் தாவல் கூடாது. அந்த நாட்களில் கூரைக்குக் கீழே ஒற்றைக்காலில் நிற்பது, குந்தி எழுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் இறங்கி நிற்கும் பயிற்சியை ஒரு வாரம் செய்துவிட்டு மேலே போங்கள். எருக்கஞ்சேரித் தாயின் மகனும் வலி தீர்ந்து திரும்பும்போது அதே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.